மூடுபனிக் கோயிலுக்குத் தலைவர் தேவை

ஆர்டெல் பிரெக்கி செத்து மூன்று வாரமாகியிருந்தது. ஆகவே எல்லோருக்கும் அவர்தான் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

சரியாகச் சொன்னால் செத்தது அவருடைய குள்ளன். மினசோட்டாவில், நோர்டால் என்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பாடும் முடிந்தபின் ஐந்து பேர் மார்லிஸ் எங்கப்ரெட்சன் வீட்டு நிலவறைக்குள் இறங்கி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மான் இறைச்சி நிரம்பிய உறைபெட்டிக்கும் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். நான்கு பேர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு எங்குமே இல்லாத ஒரு நாட்டில் புதையல் தேடி அலைவார்கள். ஐந்தாமவரான வின்ஸ் ஸ்கார்பெல்லி மற்ற எல்லாமாகவும் இருப்பார்: மலை, மழை, சத்திரக்காரன், சத்திரக்காரனின் மாமியார், கடவுள், தவளை.

அந்தத் தவளைதான் வினை. சதுப்பு நிலத்தில் வைக்கோல் கொட்டகை உயரத்துக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆர்டெலின் குள்ளன், பெயர் புரூம், கோடரியை ஓங்கிக்கொண்டு நேராக அதன் வாய்க்குள்ளேயே ஓடிவிட்டான். மற்றவர்கள் தவளையின் வயிற்றைக் கிழித்து எடுப்பதற்குள் ஆள் காலி. உடலை உப்புப் பீப்பாயில் போட்டு மூடி வைத்தார்கள்.

செத்தவன் மேஜையில் பேசக்கூடாது என்பது வின்ஸ் வகுத்த சட்டம். வாய் திறக்கக்கூடாது, தலையாட்டக்கூடாது, செருமக்கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் கை ஏதாவது சைகை செய்துவிடும் என்பதால் செத்தவரிடம் காபிக் கூஜாவைக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் ஆர்டெலுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு காகிதத்தில் வேறொரு வீரனை எழுதிக்கொள்ள வேண்டியதுதானே. அப்படிக் கேட்பவருக்கு ஆர்டெலைத் தெரியாது.

ஆர்டெல் பால் லாரி ஓட்டுகிறவர். கதவை நிறைத்துக்கொண்டு நுழைகிற உடம்பு. ஐம்பத்தோரு வயதில் இதுவரை எதையும் வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. உணவு விடுதியில் பன்றிக்கறி சொன்னால் மீன் வரும், மீனைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவார். முடிவெட்டுகிறவர் ஒரு பக்கத்தை மறந்துவிட்டபோது ஒரு மாதம் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், அந்த நிலவறையில், அவர் புரூம் ஆகிவிடுவார். புரூம் மேஜையில் குத்துவான். "கறி எங்கடா? பெரிய துண்டு எனக்கு" என்பான். அரசர்களைப் பார்த்து "நகரு" என்பான். ஆறு வருடமாக ஆர்டெல் வாயில் வராத அத்தனையும் அந்தக் குள்ளன் வாயில் வந்துகொண்டிருந்தது. அவன் போனால் வாரத்தில் ஏழு நாளும் மீன்தான்.

உப்பு அடுத்த பௌர்ணமி வரைதான் தாங்கும் என்று வின்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த நாட்டுப் பௌர்ணமி இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆட்டம் முடிகிற நேரத்தில் உதிப்பதாக இருந்தது.

வழி இல்லாமல் இல்லை. மார்லிஸ் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். ஆட்டத்தில் அவர் மூடுபனிக் கடவுளான லூம்பாவின் பூசாரிணி. செத்தவரை எழுப்பும் மந்திரம் அவருக்குத் தெரியும். ஆனால் கோயில் தலைவரின் அனுமதி இல்லாமல் அதைச் சொல்லக்கூடாது. இங்கேதான் வின்ஸின் கோயில் நிர்வாகம் உள்ளே வருகிறது.

வின்ஸ் நியூ ஜெர்சிக்காரர். உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுக்க வந்து பதினொரு வருடம் ஆகிறது, அதனால் ஊரில் அவரைப் புதிதாக வந்தவர் என்றுதான் சொல்வார்கள். போன இலையுதிர் காலத்தில் லூம்பா கோயிலுக்கு ஒரு சிறிய பூசாரி வரிசையை எழுதிக் கொண்டுவந்து வாசித்தார். மூன்று படிநிலை. வாசித்து முடித்ததும் எல்லோரும் சற்று நேரம் காபியைப் பார்த்தார்கள். பிறகு கெயிலன் ரூட், இரும்புச் சாமான் கடைக்காரர், ஆட்டத்தில் மந்திரவாதி, சொன்னார்:

"வித்தியாசமா இருக்கு."

"ஆமா, ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றார் மார்லிஸ்.

அந்த ஊரில் செத்த எலி விழுந்த சூப்பைக்கூட அதற்கு மேல் யாரும் திட்டமாட்டார்கள். வின்ஸ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பனிக்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றை ஒன்பதாக்கினார்.

அடிமட்டத்தில் திரி கிள்ளிகள். கோயில் விளக்குகளின் கருகிய திரியைக் கிள்ளுவது அவர்கள் வேலை, வேறெதையும் கிள்ளக்கூடாது. அவர்களுக்கு மேல் மணி துடைப்பவர்கள். அதற்கு மேல் தூபம் ஊதுபவர்கள், பிறகு சாவிக்காரர்கள். சாவிக்காரர்களுக்கு மேலே துணைச் சாவிக்காரர்கள். துணை எப்படி மேலே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் வின்ஸ் மனம் நோகுமே என்று. இப்படியே போய் எட்டாவது படியில் வட்டார ஆயர்கள், உச்சியில் பெரும்பனியார். படிக்குப் படி தொப்பி உயரும். திரி கிள்ளியின் தொப்பி தையல்காரர் விரலுறை அளவு. பெரும்பனியாரின் தொப்பியைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு ஆள் கூட நடக்க வேண்டும், அந்த இருவருக்கும் தனியாகத் தொப்பி உண்டு. தொப்பி இடிக்கிறது என்று தச்சு வாத்தியாரான வின்ஸ் கோயில் வாசல்களை எல்லாம் காகிதத்தில் உயர்த்திக் கட்டினார்.

அந்த ஞாயிறு அவர் தன் விதிப் புத்தகத்தைத் திறந்ததும் முதல் வேலையாகப் பெரும்பனியாரைக் கொன்றார்.

"மாடிப்படியில திரும்பும்போது தொப்பி பாரம் இழுத்துடுச்சு" என்றார் வின்ஸ். "தொப்பி பிடிக்கிற ரெண்டு பேரும் அதோட போயிட்டாங்க. நாற்காலி காலி."

"அடப் பாவமே" என்றார் ஓரின் லியன். தபால்காரர், ஆட்டத்தில் திருடன். "வயசென்ன அவருக்கு?"

"அதுவா முக்கியம்? பெரும்பனியார் இல்லாம குள்ளனை எழுப்ப அனுமதி கிடையாது. இப்ப உங்கள்ல ஒருத்தர் அந்த நாற்காலியில உட்காரணும்."

வின்ஸ் உள்ளூரத் துள்ளிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் இப்படி ஒரு நாற்காலி காலியானால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வகை விஷம் தயாராக வைத்திருந்தார். லஞ்சத்துக்கு ஒரு பட்டியல், ரகசியச் சுரங்கம் ஒன்று, முதுகில் குத்துவதற்கு வசதியான இருட்டுத் தாழ்வாரம் நான்கு. ஒரு மாதத்துக்கு ஆட்டம் ஓடும். ஆளாளுக்கு அடக்கமாக இருப்பதுபோல் நடித்துக் காரியம் சாதிக்கக்கூடாது என்று ஒரு விதியையும் எழுதியிருந்தார். அதை இப்போது உரக்க வாசித்தார்.

"'கேட்கப்பட்டு மறுத்தவர் இனி எக்காலத்திலும் அப்பதவிக்கு உரியவர் அல்லர்.' புரிஞ்சுதா? ஒரே தடவைதான் கேப்பேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

எல்லோரும் புரிந்தது என்றார்கள். சுவரோரம் நின்றிருந்த ஆர்டெல் மட்டும் கூஜாவின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

நோர்டாலில் ஒருவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார். இரண்டாம் தடவை கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாம் தடவை, சரி, அரைக் கோப்பை, அதுவும் மிச்சம் இருந்தால், என்பார். பிறகு மூன்று கோப்பை குடிப்பார். பிறந்த குழந்தையே மூன்றாம் தடவை கேட்டால்தான் பால் குடிக்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், அது உண்மையில்லை, ஒரு குழந்தைதான் அப்படி இருந்தது. முதல் தடவையே ஆமாம் என்று சொன்ன ஆள் ஒருவர் இருந்தார், ஆர்டெலின் தாத்தா காலத்தில். அவர் பிறகு டகோட்டா பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்.

"மார்லிஸ்" என்றார் வின்ஸ். "நீங்க ஏற்கெனவே வட்டார ஆயர். அடுத்த படிதான். பெரும்பனியார் பதவியை ஏத்துக்கிறீங்களா?"

"ஐயோ, நானா? எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்றார் மார்லிஸ்.

வின்ஸ் பேனாவை எடுத்து அவர் பெயரை அடித்தார்.

வின்ஸ் இரண்டாம் தடவை கேட்பார் என்று மார்லிஸ் புன்னகையோடு காத்திருந்தார். காத்திருந்தார். பேனா கீழே வைக்கப்பட்டுவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"மறுத்துட்டீங்க."

"மறுக்கல. வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அதுக்குப் பேர்தாங்க மறுக்கறது."

மார்லிஸ் கொஞ்சம் சிவந்துபோய் ரூபார்ப் இனிப்புத் தட்டை நகர்த்தி வைத்தார். ஆர்டெல் அவர் கோப்பையில் காபி ஊற்றினார், பாதி தட்டில் விழுந்தது.

"கெயிலன்?"

கெயிலன் ரூட் முட்டாள் இல்லை. என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய நிலைமையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண்மணி, ஆர்கன் வாசிக்கிறவர், வேண்டாம் என்று சொன்ன நாற்காலியில் அடுத்த நொடியே சரி என்று போய் உட்கார்ந்தால், இத்தனை நாளும் அதற்காகவே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த மாதிரி ஆகாதா? கடைக்கு மார்லிஸ் வராமலா இருப்பார்? அவர் ஆணி வாங்க வரும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"என்னை விட மார்லிஸ்தான் பொருத்தம்னு நினைக்கிறேன்" என்றார் கெயிலன்.

"மார்லிஸைத்தான் அடிச்சாச்சே."

"தெரியும். இருந்தாலும் சொல்றது என் கடமை இல்லியா."

"கெயிலன், ஆமாவா இல்லியா?"

"நான் என்ன பெருசா செஞ்சிடப் போறேன்னுதான்..."

பேனா கீறியது.

ஓரின் மட்டும்தான் பாக்கி. செத்தவன் சைகை செய்யக்கூடாது. ஆனால் செத்தவன் ஒருவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று விதி இல்லை. ஆர்டெல் ஓரினை முறைத்தார். தபால் கொடுக்க வருகிறவரை நாய் பார்க்கிற மாதிரி.

ஓரினின் நெற்றியில் வியர்வை பூத்தது. வெளியே பனி முழங்கால் அளவு.

"ஓரின்" என்றார் வின்ஸ். இப்போது அவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ இல்லன்னா வேற ஆள் இல்ல. விஷத்தை எல்லாம் நான் என்ன பண்றது? ஏத்துக்கிறியா?"

"நான்..." என்றார் ஓரின். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். "நான் வந்து..." அவர் வாய் ஒரு வடிவம் எடுத்தது. ஆமாம் என்பதற்கு உதடு எப்படித் திறக்க வேண்டுமோ கிட்டத்தட்ட அப்படியே திறந்தது. பிறகு லியன் குடும்பத்து ஆறு தலைமுறையும் எழுந்து வந்து அதை மூடியது. "வேற யாருமே கிடைக்கலன்னா, அதுவும் ஒரு தற்காலிக ஏற்பாடா, நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்னு சொல்ல முடியாது."

வின்ஸ் அந்த வாக்கியத்தைப் பேனாவால் காற்றில் எழுதிப் பார்த்தார். வேண்டாம்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினார். கூட்டிக் கழித்துப் பார்த்து, "இது இல்லைதான்" என்றார். அடித்துவிட்டார்.

பேனாவை மூடினார்.

"இருபது நிமிஷம்" என்றார் வின்ஸ் நொந்துபோய். "ஒரு கத்திக்குத்து இல்ல. ஒரு சின்ன லஞ்சம்கூட இல்ல. எங்க ஊர்ல கேரம் போர்டு சங்கத்துக்குச் செயலாளர் தேர்வுன்னாலே நாலு கார் கண்ணாடி உடையும்ங்க."

"அந்த நாலு கார்க்காரங்களுக்கும் சங்கடமா இருந்திருக்குமே" என்றார் மார்லிஸ்.

வின்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிலா எழும்புது. ஆர்டெல், மன்னிச்சுக்கோ. நீ பதில் சொல்ல வேணாம். குள்ளன் காகிதத்தை எடு."

ஆர்டெல் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். காபிக் கறையும் சாஸ் கறையுமாக ஆறு வருடம். அதை நீட்டினார். வேண்டாம் கிழிக்காதே என்று சொல்லவில்லை. செத்திருக்காவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

வின்ஸ் அதைப் பிரித்தார். கிழிப்பதற்கு முன் மரியாதைக்காக ஒரு தடவை வாசித்தார். அப்போதுதான் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓரின் கேட்டார்:

"அது என்னது, ஓரத்துல? 'திரி கிள்ளி' னு?"

"அதுவா. போன இலையுதிர் காலத்துல கோயில்ல ஓசியில சூப் கொடுத்தாங்களே. பேர் பதிஞ்சாத்தான் சூப்புன்னேன். புரூம் பதிஞ்சுட்டு ஏழு கிண்ணம் குடிச்சான்."

"அப்ப இவனும் கோயில் ஆள்."

"கோயில் ஆள்தான். கடைசிப் படி. அதுவும் பிணம்."

ஓரின் சர்ச் ஆண்டுக் கூட்டத்துக்குப் பதினாறு வருடம் செயலாளராக இருந்தவர். கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கே நான்கு கூட்டம் நடத்தியவர். அவர் கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

"வின்ஸ், மறுத்தவனுக்குத்தான் பதவி கிடையாது. செத்தவனுக்குக் கிடையாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?"

வின்ஸ் பக்கங்களைப் புரட்டினார். தொப்பி உயரம் பற்றி ஏழு பக்கம். வாசல் உயரம் நான்கு பக்கம். "எழுதல" என்றார். "யாருக்குத் தோணும்?"

"அப்ப நான் முன்மொழிகிறேன். புரூம், திரி கிள்ளி, பெரும்பனியார் பதவிக்கு."

"வழிமொழிகிறேன்" என்றார் கெயிலன், மூச்சு விடாமல். அடுத்தவர் பெயர் என்றால் அந்த ஊரில் யாருக்கும் தயக்கம் கிடையாது.

மார்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையில் இருப்பவர்களில் எட்டாவது படி அவர் ஒருவர்தான், அதனால் கூட்டத்துக்கு அவர் தலைமை. குரலும் சர்ச் கூட்டக் குரலாக மாறிவிட்டது. "புரூம் பெயர் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டிருக்கு. வேட்பாளர் மறுக்கிறாரா?"

வின்ஸ் திரும்பி ஆர்டெலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

ஆர்டெல் கூஜாவோடு நின்றார். உள்ளே, வயிற்றிலிருந்து, ஐயோ எனக்கெதுக்கு என்பது குமிழி மாதிரிக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. நெஞ்சைத் தாண்டியது. தொண்டைக்கு வந்தது. ஆனால் அவர் செத்தவர். செத்தவன் பேசக்கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மறுக்கவிடாமல் ஒரு சட்டம் தடுத்தது. ஆர்டெல் அதை விழுங்கினார்.

"மறுப்பு இல்ல" என்றார் மார்லிஸ். "தீர்மானம் ஒருமனதா நிறைவேறியது."

"இருங்க, இருங்க" என்றார் வின்ஸ். "அவன் ஏத்துக்கவும் இல்லியே."

"நீங்கதான மறுத்தவருக்குக் கிடையாதுன்னு எழுதினீங்க? ஏத்துக்கணும்னு எழுதல. இப்ப பெரும்பனியார் கிட்ட கேக்கறேன்." அவர் ஆர்டெல் பக்கம் திரும்பி மரியாதையாகக் குனிந்தார். "புரூம் என்கிற குள்ளனை எழுப்ப அனுமதி தர்றதுல தங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

உறைபெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆட்சேபணை இல்ல. ரொம்ப நல்ல பெரும்பனியார், வளவளன்னு பேசறதில்ல." மார்லிஸ் இருபது முகப் பகடையை எடுத்து உள்ளங்கையில் சுழற்றி விட்டார். அது இனிப்புத் தட்டில் மோதி, ஓடி, பதினேழில் நின்றது, மந்திரம் பலிக்க அது போதும்.

வின்ஸுக்குத் தன் கோயில் தன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனாலும் ஆறு மாத உழைப்பில் முதல் தடவையாக அது ஓடுகிறது. எழுந்து நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பீப்பாய் மூடி பறக்குது. உப்பு கொட்டுது. குள்ளன் எழுந்து உட்கார்றான். தாடியெல்லாம் வெள்ளை. ரெண்டு பேர் அந்தத் தொப்பியைச் சுமந்துகிட்டு வர்றாங்க. உயிரோட இருக்கிற பெரும்பனியாருக்குச் சத்தியப்பிரமாணம் உண்டு. அதை எழுதித்தான் வெச்சிருக்கேன்." பக்கத்தைத் தேடிப்பிடித்து விரலை ஊன்றினார். "'ஏற்கிறாயா' என்று கேட்கப்படும். மறுத்தால் தேர்வு செல்லாது. தேர்வு செல்லாதுன்னா அனுமதி செல்லாது. அனுமதி செல்லாதுன்னா..."

"மறுபடியும் உப்பா" என்றார் கெயிலன்.

"மறுபடியும் உப்பு. நிலா பாதி மேல வந்தாச்சு. ஆர்டெல், உனக்கு உயிர் வந்துடுச்சு, நீ பேசலாம். ஒரே தடவைதான். பெரும்பனியார் பதவியை ஏத்துக்கிறியா?"

ஆர்டெல் கூஜாவைத் துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார். மூன்று வாரம் பேசாத வாய். திறந்தார்.

"ஐ..." என்றார்.

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஓரின் மேஜை விளிம்பைப் பிடித்தார். அந்த ஓர் எழுத்து நிலவறை நடுவில் தொங்கியது. அதன் பின்னால் யோவும், எனக்கெதுக்கும், வேற நல்ல ஆளாப் பாருங்களும் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஆர்டெலின் அம்மா நின்றார், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் நின்றார், தவறாக வந்த மீன்களெல்லாம் தட்டோடு நின்றன. ஆர்டெல் உதட்டை இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. பால் லாரியைப் பனிச் சரிவில் பின்னோக்கி எடுப்பதுபோல் அந்த ஐ-யை ஒவ்வொரு அங்குலமாக உள்ளே இழுத்தார்.

பிறகு மேஜையில் ஓங்கிக் குத்தினார். பகடைகள் எகிறின.

"ஏத்துக்கிறேன்" என்றான் புரூம். "அந்தத் தொப்பி எனக்கு வேணும். சூப்புக்கு வந்த அன்னைக்கே வேணும்னு பார்த்தேன். இவங்க மூணு பேரையும் முதல்ல ஏன் கேட்ட? என்னைக் கேட்டிருக்கணும். கொண்டா."

காரியம் நடந்துவிட்டது, குள்ளன் பிழைத்துவிட்டான், எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அப்படியா கேட்பது, நேருக்கு நேராக? மார்லிஸ் ஆர்டெலைப் பார்க்காமல் துடைக்கும் தாளால் மேஜையைத் துடைத்தார்.

"சரி" என்றார் கெயிலன் கடைசியில். "வித்தியாசமாத்தான் இருந்துச்சு."

பெரும்பனியாரின் முதல் உத்தரவு தவளை வேட்டை. பெரும்பனியார் கோயிலை விட்டு வெளியே போகக்கூடாதே என்றார் வின்ஸ். விதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்றான் புரூம். பெரும்பனியாருக்கு என்று எழுதியிருந்தது. ஆகவே ஒன்பது படிநிலையும், துணைச் சாவிக்காரர் உட்பட, தொப்பியைப் பிடித்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு ஊர்வலம் போனது. செத்த தவளைக்கு ஒரு தம்பி இருந்தது. விரலுறைத் தொப்பியிலிருந்து உயரமான தொப்பிவரை அது வரிசை தவறாமல் விழுங்கிக்கொண்டே வந்து, எட்டாவது படியின் தொப்பி தொண்டையில் மாட்டி விக்கல் எடுத்துச் செத்தது. தன் பனிக்கால உழைப்பு முழுவதும் ஒரு மணி நேரத்தில் தவளை வயிற்றுக்குப் போனதைப் பார்த்து வின்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவ்வளவு நன்றாக ஓர் ஆட்டம் நியூ ஜெர்சியில்கூட நடந்ததில்லை என்றார்.

ஆனால் நோர்டாலில் நிலவறைக்குள் நடப்பது நிலவறைக்குள் இருக்காது. திங்கட்கிழமை காலை ஓரின் தபால் கொடுத்த வழியெல்லாம் செய்தியும் கொடுத்தார். மளிகைக் கடையில் ஆர்டெலின் மனைவி ஆர்டிஸைப் பார்த்து ஒரு பெண்மணி தோளைத் தொட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் முதல் தடவையே ஆமான்னு சொன்னாராமே. உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

அன்று மாலை தொலைபேசி அடித்தது. சர்ச் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் நாற்காலி ஒன்றரை வருடமாகக் காலி. ஊரில் எல்லோரையும் கேட்டாகிவிட்டது. அழைத்தவர் குழுவில் மூத்தவரான ஹில்மர்.

"ஆர்டெல், கேள்விப்பட்டோம்ப்பா" என்றார் ஹில்மர். "எங்களுக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும். தலைவரா இருக்கியா?"

ஆர்டெலுக்கு உண்மையாகவே அந்தப் பதவி வேண்டாம். கொதிகலன் விவகாரம் இன்னும் தீரவில்லை என்று அவருக்குத் தெரியும். இப்போது அவருக்குத் தைரியமும் இருந்தது. மனதில் உள்ளதை உள்ளபடி, புரூம் குரலிலேயே சொன்னார்.

"வேண்டாம்."

"நல்லது" என்றார் ஹில்மர், திருப்தியாக. "ஒரு தடவையோட விட்டுடலாம்னு பார்த்தேன், இருந்தாலும் இன்னொரு தடவை கேக்கறேன். இருக்கியா?"

"ஹில்மர், வேண்டாம். நிஜமாவே வேண்டாம்."

"உனக்கு எதுக்குச் சிரமம்னு எனக்கும் தெரியுதுப்பா. கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன்."

ஆர்டெல் சுவரைக் குத்தினார். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி விழுந்தது. "எனக்கு வேண்டாம். எனக்குப் பிடிக்கல. நான் மாட்டேன்."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"மூணு தடவை கேட்டாச்சு, முறைப்படி ஆச்சு. ரொம்ப சந்தோஷம்" என்றார் ஹில்மர். "வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம். கொதிகலன்தான் முதல்ல."